பசறை பிஸ்கட்

2024 ஜூன் 11, செவ்வாய்.

இன்றைய தவறு: வம்ச வரைபடத்தின் முதல் பெட்டியில் ‘கருப்பன்’ என்று பேனாவால் எழுதியது. இரண்டு சான்று சேரும்வரை பென்சில்தான் என்பது வகுப்பு விதி. இரண்டு சான்று இருப்பதாகத்தான் நினைத்தேன். சிறிய தவறு. ஆனால் இன்று வீட்டில் யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை.

‘சிறிய’ என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று ஜெயந்தினி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள். நாட்குறிப்பில் எதையும் அடிக்கக்கூடாது என்பதும் ஒரு விதி.

பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மருந்துக்கடை மாடியில் செவ்வாயும் வியாழனும் மாலையில் நடக்கும் ஆவணப் பராமரிப்பு வகுப்பு அது. பகலில் அவள் அதன் பக்கத்துப் போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்தாள். ஊராருடைய பிறப்புச் சான்றிதழ்களை நாள் முழுவதும் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து எடுத்துக் கொடுத்தவளுக்கு, ஒரு நாளாவது அவற்றைப் புரட்டிப் படிக்கவேண்டும் என்று ஆசை வந்தது. அதனால்தான் சேர்ந்தாள். நாட்குறிப்பை எப்படி எழுதவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் வகுப்பெடுக்கும் பிரசாந்தினி மிஸ். முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஜெயந்தினிக்கு முதல் வரி எழுத ஒரு நாளும் கஷ்டமாக இருந்ததில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கஷ்டம்.

இந்தத் தவறு நடந்த விதம் இதுதான்.

அவளுடைய தம்பி துஷாந்துக்கு எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை. பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நிற்கும் கிருஷாந்தியை அவனுக்குப் பிடித்தது. அவளுக்கும் பிடித்தது. ஜெயந்தினியின் குடும்பம் இருப்பது ஊற்றுமலைத் தோட்டத்தில். கிருஷாந்தியின் குடும்பம் பசறைக்கு அப்பால் கருங்கல் தோட்டத்தில். விசாரித்த வரைக்கும் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆடி பிறப்பதற்கு முன் பரிசம் போட்டுவிடலாம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்தார்கள். அப்பா இல்லாத வீடு என்பதால் பெரியப்பா இராசையாதான் முன்னின்று பேசினார்.

வகுப்பில் ஐந்து தலைமுறை வரைபடம் ஒன்று செய்துவரச் சொல்லியிருந்தார்கள். சும்மா இருந்தவள், பெண் வீட்டு வம்சத்தையும் சேர்த்து ஒரே தாளில் வரைந்து பரிசத்தன்று சுவரில் மாட்டினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்தாள். கருங்கல் தோட்டத்துக்குப் போய், கிருஷாந்தியின் அப்பா யோகராஜ் எடுத்துக் கொடுத்த பழைய கடதாசிகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். அவற்றுள் ஒன்று அவருடைய தாத்தா அங்கமுத்து 1950இல் கொடுத்த பிரஜாவுரிமை விண்ணப்பம். அதே ஆண்டு ஜெயந்தினியின் பூட்டன் முத்துவீரன் கொடுத்த விண்ணப்பம் அவள் வீட்டிலும் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

முத்துவீரன். பிறந்த இடம் ஊற்றுமலைத் தோட்டம். தந்தை கருப்பன். தாய் வேலாயி.

அங்கமுத்து. பிறந்த இடம் ஊற்றுமலைத் தோட்டம். தந்தை கருப்பன். தாய் வேலாயி.

கோப்பித் தோட்டக் காலத்தில் கடல் கடந்து வந்த அந்த முதல் ஆள் இரண்டு கடதாசியிலும் ஒரே பெயரோடு நிற்கிறாரே! இரண்டு தாளும் ஒத்துப்போன சந்தோஷத்தில், அவை ஒத்துப்போய் என்ன சொல்கின்றன என்று அவள் யோசிக்கவே இல்லை. பெட்டி போட்டாள். பேனாவை எடுத்தாள்.

செவ்வாய் இரவு, அவள் வகுப்பு முடிந்து வீடு திரும்பிய பிறகு, பெரியப்பா வந்து சுவருக்கு முன்னால் நின்றார். முன்பு கங்காணியாக இருந்தவர். தேயிலை நிரையில் ஒரு செடி விட்டுப்போனாலும் கண்ணுக்குத் தெரியும்.

“இது யாரு?”

“உங்க தாத்தா முத்துவீரன், பெரியப்பா.”

“இந்தப் பக்கம் இருக்கிறது?”

“கிருஷாந்தியோட பூட்டன். அங்கமுத்து.”

“ரெண்டு பேருக்கும் மேல ஒரே பொட்டியா போட்டிருக்க?”

“ஆமா பெரியப்பா! ஒரே அப்பா, ஒரே அம்மா! நானும் மொதல்ல நம்பல.”

பெரியப்பா மெல்லத் திரும்பினார். “அப்ப அண்ணன் தம்பி வம்சம். பங்காளி வீடு. அந்தப் பொண்ணு இவனுக்குத் தங்கச்சி முறை.”

துஷாந்த் கையில் இருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்தான். “யாரு சொன்னது?”

“ஒன் அக்காதான்டா. எழுதி வச்சிருக்கா பாரு. பேனாவுல.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “பார்த்துப் பார்த்துப் பேசினோம். கடைசியில நம்ம வீட்டுக் கல்யாணமும் பசறை பிஸ்கட்டாப் போச்சே!”

அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சு உண்டு. நாள் கணக்காக எதிர்பார்த்துக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும் எதற்கும் பெயர் பசறை பிஸ்கட். சம்பள உயர்வு பசறை பிஸ்கட். தேர்தலுக்கு முன் வாக்குக் கொடுத்த பாலம் பசறை பிஸ்கட். துஷாந்த் ‘நாளைக்குக் கட்டாயம் வர்றேன்’ என்று சொல்வதும் பசறை பிஸ்கட். அவனுக்குப் பசறைப் பெண் அமைந்தபோது இதைச் சொல்லித்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

துஷாந்த் அக்காவிடம் ஒரு வார்த்தைதான் பேசினான். “ஒன் பேனாவுக்கு நானா கெடச்சேன்?”

அடுத்த நாளே செய்தி கருங்கல் தோட்டத்துக்குப் போய்விட்டது. யோகராஜ் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஆனி முடியும்வரை பொறுப்பதாகவும், அதற்குள் தெளிவான பதில் வராவிட்டால் மகளுக்கு வேறு இடம் பார்ப்பதாகவும் சொல்லி அனுப்பினார்.

ஜெயந்தினி முதலிலிருந்து தொடங்கினாள். பேனாவால் எழுதியதை அழிக்க முடியாது. ஆனால் அதைச் சந்தேகப்படலாம். சந்தேகப்படுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. மரணப் பதிவுப் பிரதிகளுக்கு விண்ணப்பித்து, லீவு போட்டு நின்று வாங்கினாள். அங்கேதான் முதல் சிக்கல் தெரிந்தது. ஊற்றுமலைத் தோட்டத்தில் ‘கருப்பன் மனைவி வேலாயி’ 1911இல் காய்ச்சலால் இறந்திருக்கிறாள். அதே தோட்டத்தில் ‘கருப்பன் மனைவி வேலாயி’ 1926இல் மறுபடியும் இறந்திருக்கிறாள்.

ஒருத்தி இரண்டு முறை சாக முடியாது. ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றினார். “மொத பொண்டாட்டி செத்ததும் ரெண்டாவது கட்டியிருப்பாரு. அவளும் வேலாயி. அந்தக் காலத்துல கல்லெடுத்து வீசினா வேலாயி மேலதான் விழும்.”

“ரெண்டு கருப்பனா இருக்கலாம்ல, பெரியப்பா?”

“இருக்கலாம். ஒரு கருப்பனாவும் இருக்கலாம். ‘லாம்’ வச்சுக்கிட்டுத் தாலி கட்ட முடியாது தாயி.”

அவர் சொன்னது நியாயம். அதுதான் அவளைக் குடைந்தது. இரண்டு கருப்பன்கள் என்றாலும் எல்லாக் கடதாசியும் பொருந்தியது. இரண்டு வேலாயிகளைக் கட்டிய ஒரே கருப்பன் என்றாலும் எல்லாக் கடதாசியும் பொருந்தியது. எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. அடையாளம் கண்டுகொள்ள ஒன்றையும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஹஜ் பெருநாள் முடிந்து வந்த வியாழன் வகுப்புக்கு அவளுடைய தோழி நப்லா வட்டிலாப்பம் என்ற தேங்காய்ப்பால் இனிப்புக் கொண்டுவந்தாள். பதுளை டவுனில் வீடு. அவளும் அதே வரைபடத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜெயந்தினி எல்லாவற்றையும் கொட்டினாள். நப்லா கரண்டியை நக்கிக்கொண்டே கேட்டாள்.

“எங்கட வீட்டுல மட்டும் என்னவாம்? நாலு அப்துல் காதர் ஈக்கிறாங்க. கடதாசியப் பாத்தா நாலும் ஒரே ஆள்தான்.”

“நீ எப்படிப் பிரிச்ச?”

“நான் எங்க பிரிச்ச? உம்மாக்கிட்ட கேட்டன். பெருநாள் குர்பான் இறைச்சி எந்தெந்த வீட்டுக்குப் போற, எந்த வீட்டுல இருந்து வாற, எல்லாம் உம்மாக்குப் பாடம். எந்தக் காதர்ட ஆக்கள் நமக்கு யாரு எண்டு அதுல வெளங்கிட்டு. கடதாசி பிழைக்கும்டி. இறைச்சி பொய் செல்லாது.” பிறகு அவள் சாதாரணமாகக் கேட்டாள்: “ஒங்கட ஆக்கள்ல அப்படி என்னத்தக் கொண்டு போற?”

ஜெயந்தினியின் கையில் இருந்த வட்டிலாப்பம் அப்படியே நின்றது.

கொண்டு போவார்கள். சாவு வீட்டுக்குக் கொண்டு போவார்கள். ஒருவர் இறந்தால் பங்காளிகள் மொட்டை போட்டுத் துடக்கு என்னும் சாவுத் தீட்டுக் காப்பார்கள். மாமன் மச்சான் வீட்டார் புதுத் துணி கொண்டுவந்து பிணத்துக்குப் போர்த்துவார்கள். அதற்குப் பெயர் கோடி. பங்காளி கோடி கொண்டுவருவதில்லை. மாமன் வீட்டான் மொட்டை போடுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது இதெல்லாம் அவள் கண்முன்னே நடந்தது. சான்று என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது கடதாசி இல்லையே!

ஞாயிறு காலையில் கருங்கல் தோட்டத்துக்குப் போனாள். யோகராஜ் மரக்கறி லொறி ஓட்டுபவர். லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் குழாயை மூடினார். உள்ளே கிருஷாந்தியின் முகம் ஒரு தடவை தெரிந்து மறைந்தது.

ஜெயந்தினி வாசலில் தடுமாறினாள். போன முறை வந்தபோது ‘மாமா’ என்று கூப்பிட்டாள். இப்போது மாமாவா, சித்தப்பாவா? எந்த முறை சொன்னாலும் தீர்ப்புச் சொன்னது மாதிரி ஆகிவிடும். முறையை முழுங்கிவிட்டு, “வணக்கங்க” என்றாள்.

“வாங்க. இன்னும் எந்தப் பேப்பர் பாக்கி?”

“பேப்பர் வேணாங்க. ஒரு கேள்விதான். உங்க வீட்டுல இருந்து ஊத்துமலைக்கு எப்பவாவது சாவுக்குப் போயிருக்காங்களா?”

அவர் துண்டால் கையைத் துடைத்தார். “தாத்தா போயிருக்காரு. பழைய தோட்டம்னு சொல்லுவாரு. அந்தக் கதைய எங்க அப்பா வருசத்துக்கு ஒருக்கா சொல்லாம இருந்ததில்ல.”

“யாரு செத்தப்ப?”

“பழைய தோட்டத்து மச்சான்னுவாரு. பேரு தெரியாது. தாத்தாவுக்குத் தோட்டம் பூரா மச்சான்தான்.”

“என்ன கதைங்க?”

மனுஷருக்குக் கதை பிடித்திருந்தது. லொறிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கிருஷாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றாள்.

“மார்கழி மழை. காலையில ஆள் வந்து சாவுச் செய்தி சொல்லிருச்சு. தாத்தாவுக்கு அப்பவே எழுபது வயசு தாண்டியிருக்கும். பசறையில வேட்டி எடுத்துக்கிட்டு பஸ்ஸுல ஏறினா, கொஞ்சத் தூரத்துல மண்சரிஞ்சு பாதை அடைச்சிருக்கு. பஸ் திரும்பிருச்சு. எங்க அப்பா கூடப் போயிருந்தாரு. ‘நாளைக்குப் போவோம்பா’ன்னாராம். ‘நாளைக்கு இந்தத் துணிய யாருக்குடா போர்த்துறது?’ன்னு கேட்டாராம் தாத்தா.”

“அப்புறம்?”

“நடந்தாங்க. தேயிலைக்குள்ள பூந்து, ஓடை தாண்டி, பதுளை வந்து, அங்க இருந்து மேல. கோடி நனையக்கூடாதுன்னு கடையில கெஞ்சி ஒரு வெறும் பிஸ்கட் டின்ன வாங்கி, வேட்டிய உள்ள வச்சுத் தலையில தூக்கிக்கிட்டாரு. ஒரே ஒரு கம்பளி இருந்துச்சு. அதத் தனக்குப் போர்த்திக்கல. டின்னுக்குப் போர்த்தினாரு.” அவர் குரல் தாழ்ந்தது. “போய்ச் சேர்றப்ப விளக்கு வைக்கிற நேரம். தூக்கியிருப்பாங்க, குழிமேட்டுலயாவது போட்டுட்டு வருவோம்னுதான் போனாங்களாம். லயத்து மொனையில திரும்பினா, பந்தல்ல எல்லாரும் ஒக்காந்திருக்காங்க. பொணம் நடுவுல இருக்கு. காலையில இருந்து ஒருத்தர் வீட்டுலயும் அடுப்பு மூட்டல. ‘ஏன் லேட்டு’ன்னு ஒருத்தர் கேக்கல. ‘வா மாமா, ஒனக்காகத்தான்’னு மட்டும் சொன்னாங்களாம். தாத்தா கோடியப் போர்த்திட்டுத் தரையில ஒக்காந்து அழுதாராம். செத்தவருக்கு அழுதது பாதி, காத்திருந்தவங்களுக்கு அழுதது பாதி. ‘அதுதான்டா வூடு’ன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

ஜெயந்தினி பென்சிலைப் பிடித்தபடி இருந்தாள். எழுதவில்லை.

“ஒண்ணுதான் தாத்தாவுக்கு வெளங்கவே இல்லையாம்,” என்றார் யோகராஜ். “டின்ன எறக்கினதும் லயத்துப் புள்ளைங்க அத்தனையும் ஓடி வந்து சுத்தி நின்னுச்சுங்களாம். தெறந்ததும் மொகம் சுருங்கிப்போச்சாம். ஏன்னு தெரியல.”

ஜெயந்தினிக்குத் தெரிந்தது. அவள் பிறந்ததிலிருந்து கேட்டுவந்த பேச்சு அது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு சாட்சி சொன்னதை இன்னொரு சாட்சியிடம் அவர் சொல்வதற்கு முன்னால் சொல்லக்கூடாது. வகுப்பில் கற்ற விதிகளிலேயே அவளுக்குப் பிடித்த விதி அது.

“அந்த டின்னு என்ன ஆச்சுங்க?”

அவர் சிரித்தார். “அன்னைக்கு நீங்க மடியில வச்சுக்கிட்டு இருந்தீங்களே, அதுதாம்மா! பேப்பரெல்லாம் அதுலதானே கெடந்துச்சு.”

அவள் போனைத் திறந்து பார்த்தாள். எல்லாப் படங்களிலும் மூலையில் தகர விளிம்பு தெரிந்தது. உள்ளே இருந்த ஒவ்வொரு தாளையும் எடுத்தவள், பெட்டியை எடுக்கவில்லை.

“அன்னைக்கு டின்ன அங்கயே விட்டுட்டுத்தான் வந்தாரு,” என்றார் அவர். “தாத்தா செத்தப்ப பழைய தோட்டத்துல இருந்து கோடி வந்துச்சு. அதே டின்னுல. நெட்டையா ஒரு ஆளு கொண்டு வந்தாரு. நான் சின்னப் பையன், நல்லா ஞாபகம் இருக்கு.”

முத்துவீரனின் மகனான அவளுடைய சொந்தத் தாத்தாவைத் தோட்டம் முழுவதும் ‘நெட்டை’ என்றுதான் கூப்பிட்டது. அதையும் முழுங்கிக்கொண்டாள்.

“அது உங்க வூடுதானாம்மா?” யோகராஜ் திடீரென்று கேட்டார். கிருஷாந்தி கதவோரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள்.

“இன்னும் ஒரு ஆள் சொல்லணுங்க. அதுவரைக்கும் பென்சில்தான். டின்ன ஒரு நாளைக்குத் தருவீங்களா?”

அவர் கடதாசிகளைப் பொலித்தீன் பைக்கு மாற்றி, டின்னைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். “கொண்டு போங்க. ஆனா இது இதுவரைக்கும் வெறுங்கையாப் போயி வந்ததில்ல. பார்த்துக்குங்க.”

பஸ்ஸில் டின் மடியில் இருந்தது. பசறைப் பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றிலும் ஜன்னலுக்கு வெளியே சரிவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்தச் சரிவில், மழையில், எழுபது வயது தாண்டிய ஒரு மனிதர். தலையில் டின். டின்னுக்குக் கம்பளி. காத்திருப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வந்துகொண்டிருக்கிறார் என்று இவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. தன்னால் இப்படி ஒரு பகல் முழுக்க நம்பிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். முடியாது என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா வெளி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். துஷாந்தும் வந்திருந்தான், யாருக்கும் முகம் கொடுக்காமல் போனைத் தேய்த்துக்கொண்டு. அவள் பையைக் கீழே வைத்தாள். சால்வையைப் போட்டு மூடினாள்.

“பெரியப்பா, ஒண்ணு கேக்கணும். பசறை பிஸ்கட்னு ஏன் சொல்றோம்?”

“கல்யாணம் நின்னு போயிருக்கு. இவளுக்குப் பிஸ்கட்டு கதை கேக்குது.”

“சொல்லுங்களேன்.”

சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அது அவருடைய கதை. “எனக்குப் பன்னெண்டு வயசு. எங்க தாத்தா முத்துவீரன் செத்துப்போனாரு. நெய்ப்பந்தம் புடிக்கிறவன் நானு. காலையிலயே குளிப்பாட்டி ஈரத்துணியோட நிப்பாட்டிட்டாங்க. பொணம் தூக்கற வரைக்கும் லயத்துல அடுப்பு மூட்டக்கூடாது. பச்சத்தண்ணிதான். மத்தியானம் ஆச்சு, தூக்கல. சாயந்தரம் ஆச்சு, தூக்கல. பசியில எனக்குப் பொணத்தப் பாத்தே கோபம் வந்துருச்சுன்னா பாத்துக்க. பொழுது எறங்கற நேரம், தூரத்துல ஒருத்தன் மகனோட வர்றான். தலையில டின்னு. கிட்ட வந்து எறக்கினா, பிஸ்கட் டின்னு! ‘பசறையில இருந்து பிஸ்கட் வந்துருச்சுடா’ன்னு ஒரு பய கத்தினான். நான் பந்தத்தக் கீழ போட்டுட்டு ஓடுனேன்!”

அம்மா உள்ளே இருந்து சிரித்துவிட்டாள். துஷாந்த்கூட நிமிர்ந்தான்.

“டின்னு எப்படி இருந்துச்சு?”

“மறக்குமா? மூடியில குதிரை வண்டி. வெள்ளைக்காரி ஒருத்தி குடை புடிச்சி ஒக்காந்திருப்பா. தெறந்தா உள்ள என்னாங்குற? வேட்டி! நான் அழுத அழுகையப் பாத்து, தாத்தா மேல எவ்வளவு பாசம்னு ஊரே மெச்சிக்கிச்சு.”

“அன்னைக்கு யாரு யாரு மொட்டை போட்டாங்க?”

“எங்க அப்பா, சித்தப்பாமாருங்க, பங்காளிங்க அத்தனை பேரும்.”

“டின்னு கொண்டு வந்தவரு?”

“அவரு எதுக்குப் போடணும்? நனைஞ்ச குடுமிய முடிஞ்சுக்கிட்டு நின்னாரு. கோடி கொண்டு வந்த மாமன் வீட்டு ஆளு மொட்டையா…”

பெரியப்பா அந்த இடத்தில் நின்றார். வாய் மட்டும் திறந்திருந்தது.

ஜெயந்தினி சால்வையை எடுத்தாள். டின்னை அவர் மடியில் வைத்தாள். குதிரையில் பாதி துருவாகிவிட்டிருந்தது. வெள்ளைக்காரியின் குடை இன்னும் சிவப்பாக இருந்தது.

“எங்க கெடச்சுச்சு இது?”

“கிருஷாந்தி வீட்டுல, பெரியப்பா. கொண்டு வந்தது அங்கமுத்து.”

பிறகு மற்றப் பாதியைச் சொன்னாள். மண்சரிந்த பாதை, திரும்பிப்போன பஸ், கம்பளி. பெரியப்பா விரலால் குதிரையின் காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“பாதை அடைச்சிருந்துச்சா?”

“ஆமா.”

“எங்களுக்கு யாருமே சொல்லல. கடைகடையா நின்னு குடிச்சுட்டு வந்திருப்பான்னுல்ல நெனச்சோம்.” மூடியை உள்ளங்கையால் துடைத்தார். “அம்பது வருசமா அந்த மனுசன வச்சுச் சிரிச்சிருக்கேன். அவரு என்னடான்னா நம்மள கும்புட்டிருக்காரு.”

ஜெயந்தினி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பென்சிலால் இரண்டு பெட்டி போட்டாள். இரண்டிலும் கருப்பன். முத்துவீரன் சாவுக்கு மாமன் வீட்டுக் கோடி, அதாவது தாய் பிறந்த வீட்டுத் துணி, அங்கமுத்துவிடமிருந்து வந்தது. ஆகவே முத்துவீரனின் அம்மா வேலாயி அந்த வீட்டில் பிறந்தவள். அங்கமுத்து சாவுக்குக் கோடி இங்கிருந்து, நெட்டைத் தாத்தா கையால் போனது. ஆகவே அங்கமுத்துவின் அம்மா வேலாயி இந்த வீட்டில் பிறந்தவள். ஒரு கருப்பனின் தங்கச்சியை மற்றக் கருப்பன் கட்டியிருக்கிறான்.

“பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்காங்க, பெரியப்பா. அதான் வேலாயி ரெண்டு தடவ செத்திருக்கா.”

பெரியப்பா தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “மாப்பிள்ளை ரெண்டும் கருப்பன். பொண்ணு ரெண்டும் வேலாயி. பந்தல்ல ‘கருப்பா, பொண்ணக் கூட்டிக்கிட்டு வாடா’ன்னு கூப்புட்டா எவன் எவளக் கூட்டிக்கிட்டு வந்திருப்பான்?”

துஷாந்த் எழுந்தே விட்டான். “அப்ப தங்கச்சி முறை இல்லையா?”

“மாமன் மக முறைடா, மடையா. தேடினாலும் கெடைக்காத முறைப்பொண்ணு.”

“போன வாரம் தங்கச்சின்னீங்களே?”

“போன வாரம் ஒன் அக்கா பேனாவுல எழுதியிருந்தா.” அவர் டின்னை அணைத்துக்கொண்டு எழுந்தார். “பரிசத்துக்கு இத நான்தான் தலையில வச்சுத் தூக்கிக்கிட்டுப் போவேன். ஒருத்தனும் கை வைக்கக்கூடாது. அந்த ஆளு மக்கள் வாசல்ல நான் எறக்கணும்.”

ஜெயந்தினி கருங்கல் தோட்டத்துக்குப் போன் எடுத்தாள். கிருஷாந்திதான் எடுத்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “மாமா இருக்காரா?” என்று கேட்டாள்.

“இருக்காரு மதினி,” என்றாள் கிருஷாந்தி.

பேசி முடித்துவிட்டு ஜெயந்தினி நாட்குறிப்பைத் திறந்தாள். தனித்தனியே கேட்ட இரண்டு பேர் வாய்மொழி, ஒரு டின். பேனாவுக்கு இது போதும் என்றுதான் பட்டது. போதும் என்று பட்டதுதானே போன முறையும்? வகுப்பில் ஒரு தரம் கேட்டுவிடுவது நல்லது.

2024 ஜூன் 23, ஞாயிறு.

இன்றைய தவறு: ஒரு பெட்டிக்குள் இருந்த அத்தனை தாளையும் படம் எடுத்துவிட்டு, பெட்டியைப் படம் எடுக்காமல் விட்டது. இன்று எடுத்துவிட்டேன், மூடியும் அடியும்.

நாளைய வேலை: பதுளையில் பெரிய வரைதாள் ஒன்று வாங்கவேண்டும். மேலே கருப்பனுக்கு இரண்டு பெட்டி, பென்சிலில். கடை மூடுவதற்கு முன் இரண்டு கிலோ பிஸ்கட் வாங்கி டின்னில் நிரப்பவேண்டும். பெரியப்பா எண்ணிப் பார்ப்பார்.